பூச்சி நஞ்சுக்குப் பழகிக்கொள்கிறதா?
ரேச்சல் கார்சன் நூலின் 16ஆம் அத்தியாயம் பற்றி ஒரு திறனாய்வு

அமெரிக்க உயிரியலாளர் ரேச்சல் கார்சன் அம்மையார் எழுதிய 'சைலண்ட் ஸ்பிரிங்' என்னும் நூல் 1962ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் வெளிவந்தது. 'ஒலியற்ற இளவேனில்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அந்நூலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் முதல் அத்தியாயத்தைப் பற்றியே பேசுவர். பறவைகள் பாடாத ஊர் ஒன்றைக் காட்டும் அந்தச் சிறு கற்பனை, படித்தவர் நெஞ்சில் எளிதில் பதிவது. 17 அத்தியாயங்கள் கொண்ட அந்நூலில் 16ஆம் அத்தியாயத்துக்கு அத்தகைய புகழ் வாய்க்கவில்லை. அதில் கற்பனை இல்லை, கண்ணீரும் இல்லை. பூச்சிக்கொல்லி மருந்தால் சாகாத பூச்சிகள் எவ்வாறு தோன்றின என்னும் ஒரே கேள்வியைப் பற்றிக்கொண்டு அது நடக்கிறது.

ஆயினும், அறிவியலைத் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு அந்நூலில் மிகுந்த பயன் தரும் பகுதி அதுவே எனலாம். அதன் கருத்து எவ்வளவு தூரம் சரி, எங்கே குறை, அறுபது ஆண்டுகளுக்குப் பின் மரபணு ஆராய்ச்சி அதற்கு என்ன தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

அத்தியாயம் சொல்லும் செய்தி

பிரிட்டிஷ் உயிரியலாளர் சார்லஸ் எல்ட்டன் கூறிய பனிச்சரிவின் உறுமல் என்னும் உவமையையே கார்சன் அத்தியாயத்துக்குத் தலைப்பாக வைத்தார். மலையுச்சியில் பனி சரியத் தொடங்கும்போது முதலில் மெல்லிய உறுமல் ஒன்று கேட்கும். கேட்டவர் விலகிக்கொண்டால் பிழைப்பர். பூச்சிகள் நஞ்சை வெல்லத் தொடங்கிய செய்தி அத்தகைய உறுமல் என்பது அவர் கருத்து.

அவர் அடுக்கும் சான்றுகள் வலிமையானவை. 1945க்கு முன் பழைய மருந்துகளைத் தாங்கி நின்ற பூச்சி வகைகள் ஏறத்தாழ ஒரு டஜன். டி.டி.டி. போன்ற புதிய மருந்துகள் புழக்கத்துக்கு வந்தபின், 1960இல் அத்தொகை 137 ஆயிற்று. 1943-44இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பேன் பரப்பும் டைபஸ் காய்ச்சலை டி.டி.டி. தூள் அடக்கியது. அதே தூளைக் கொரியப் போரின்போது, 1950-51 குளிர்காலத்தில் படைவீரர்களுக்குத் தூவியபோது பேன்கள் குறையவில்லை, பெருகின. தென்னாப்பிரிக்காவில் மாட்டு உண்ணிகள் முதலில் ஆர்சனிக் குளியலை வென்றன. பின்னர் வந்த புதிய மருந்து உண்ணிகளை எளிதில் அடக்குகிறது என்று 1949ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிக்கை வெளியாயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே, உண்ணிகள் அதனையும் தாங்கத் தொடங்கிவிட்டன என்ற அறிக்கையும் வெளியாயிற்று.

இக்கேள்வி கார்சன் காலத்தில் தோன்றியதன்று. பூச்சிகள் தெளிப்பு மருந்தைத் தாங்கும் இயல்பு பெறக்கூடுமா என்று வாஷிங்டன் மாநிலத்துப் பூச்சியியலாளர் மெலாண்டர் 1914ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரையின் தலைப்பாகக் கேட்டிருந்தார். கார்சன் செய்தது, ஆய்வேடுகளில் சிதறிக் கிடந்தவற்றைத் தொகுத்துப் பொதுமக்கள் மொழியில் சொன்னது.

பிறப்பும் பழக்கமும்

இவ்வத்தியாயத்தின் தலையாய சிறப்பு ஒரு விளக்கத்தில் இருக்கிறது. நஞ்சைத் தாங்கும் இயல்பு தனி ஓர் உயிரிடம் நாளடைவில் வளர்வதன்று. அது பிறக்கும்போதே சிலவற்றிடம் இருப்பது. பல தலைமுறைகள் கழிந்த பின் ஒரு கூட்டம் முழுவதும் பரவுவது என்று அவர் அழுத்தமாகச் சொல்கிறார். பூச்சி தாங்கும்போது மனிதன் ஏன் தாங்கக்கூடாது என்று கேட்போருக்கும் அங்கேயே விடை தருகிறார். மனிதனுக்கு ஒரு நூற்றாண்டில் ஏறத்தாழ மூன்று தலைமுறை. பூச்சிக்கோ சில நாளில் அல்லது சில வாரத்தில் ஒரு தலைமுறை. ஆதலால் மனிதன் அத்தகைய மாற்றத்துக்குக் காத்திருக்க இயலாது.

இவ்விளக்கம் ஏன் இன்றியமையாதது? "கொசு மருந்துக்குப் பழகிவிட்டது" என்னும் பேச்சு எங்கும் கேட்கிறது. புகை அடித்துவிட்டுப் போன பின்னும் கொசு கடித்தால், அடுத்த வீட்டார் இப்படித்தான் சொல்வர். மாணவரும் அப்படியே எழுதுவர். சில வேளைகளில் பாட விளக்கங்களிலும் அது நுழைந்துவிடுகிறது.

இப்பிழை பிறந்த இடம் வேறொரு பாடம். அம்மைப்பால் வைக்கப்பட்ட குழந்தையின் உடல், நோயை ஒருமுறை அறிந்துகொண்டு, மறுமுறை வந்தால் வெல்லக் கற்றுக்கொள்கிறது. அது மெய். அங்கே கற்பது தனி உடல். கற்றது அந்த உடலோடு முடிந்துவிடும். பிள்ளைக்கு மரபாகச் செல்லாது. இந்தப் பாடத்தை நன்கு படித்த மாணவன், அதனை அப்படியே பூச்சிக்கும் ஏற்றிவிடுகிறான். சிறிது நஞ்சு உண்ட கொசு, நஞ்சைக் கற்றுக்கொண்டு திடம் பெறுவதாக எண்ணுகிறான்.

உண்மையில் நடப்பது வேறு. ஒரு தொழுவத்தில் 10,000 ஈக்கள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் பத்து ஈக்களுக்குப் பிறவியிலேயே நஞ்சைத் தாங்கும் கூறு இருக்கிறது. மருந்து அடித்தால் 9,990 இறக்கும், பத்து எஞ்சும். எஞ்சியவை எதையும் கற்கவில்லை. முன்பு இருந்தபடியே இருக்கின்றன. ஆனால் அடுத்த தலைமுறைக்குத் தாய் தந்தையர் அவை மட்டுமே. மீண்டும் அதே மருந்தை அடித்தால், இம்முறை பெரும்பகுதி பிழைக்கும். கூட்டம் மாறியிருக்கிறது, எந்தத் தனி ஈயும் மாறவில்லை.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. பழகிவிட்டது என்று நம்புகிறவன் அதே மருந்தை இருமடங்காக அடிக்கத் துணிவான். பொறுக்கப்படுகிறது என்று அறிந்தவனோ, அதே மருந்தை மேன்மேலும் அடிப்பது தாங்கும் கூட்டத்தைத் தன் கையாலேயே வளர்ப்பது என்று உணர்வான். கார்சன் காட்டிய வழி இரண்டாவது.

பின்னர் வந்த சான்று

கார்சன் 1964 ஏப்ரலில் மறைந்தார். அவர் எழுதிய காலத்தில் மரபணுவின் எழுத்துகளைப் படிக்கும் முறை இல்லை. நஞ்சை மாற்றிவிடும் நொதி ஒன்று ஈக்களிடம் உண்டு என்பது வரையில் அறிந்து எழுதினார். அதற்கு மேல் என்ன நடக்கிறது என்பது பின்னரே விளங்கிற்று.

டி.டி.டி. பூச்சியின் நரம்பில் உள்ள சோடியம் வாயிலைப் பற்றிக்கொள்கிறது. திறந்து மூட வேண்டிய வாயில் திறந்தபடியே நிற்க, நரம்பு ஓயாமல் துடித்துப் பூச்சி விழுந்துவிடும். விழாமல் நின்ற வீட்டு ஈக்களின் மரபணுவை 1996இல் ஆராய்ந்தவர்கள், அவ்வாயிலைக் கட்டும் புரதத்தில் 1014ஆம் இடத்தில் லூசின் இருக்க வேண்டிய இடத்தில் பீனைல்அலனின் இருக்கக் கண்டனர். மரபணுவில் ஓர் எழுத்து மாறியதன் விளைவு அது. ஓர் எழுத்து மாற 'அரம்' 'அறம்' ஆவதைத் தமிழாசிரியருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்து மாறிய வாயிலில் நஞ்சு சரிவரப் பற்றுவதில்லை.

டி.டி.டி.க்குப் பின் வந்த பைரித்திராய்டு மருந்துகளும் அதே வாயிலைத் தாக்குபவையே. ஆகவே, முன்னைய மருந்து பொறுக்கி எடுத்த கூட்டம், பின்னைய மருந்துக்கும் பிறவியிலேயே ஆயத்தமாக இருந்தது. மலேசியாவில் டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்களிலும் இதே வாயிலின் வேறு இரண்டு இடங்களில் மாற்றங்கள் இருப்பதை 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

வேறு வழியும் உண்டு. கலிபோர்னியாவில் பிடித்த கியூலெக்ஸ் கொசு ஒன்றின் இனத்தில், நஞ்சைப் பிடித்து வைக்கும் நொதியின் மரபணு ஒன்றுக்கு 250 படிகளுக்குக் குறையாமல் பெருகியிருந்ததை 1986இல் கண்டறிந்தனர். வாயிலை மாற்றாமல் காவலரைப் பெருக்கிய வகை இது.

எல்லாவற்றிலும் தெளிவான சான்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. செம்மறியாட்டின் தோலில் முட்டையிட்டுப் புழுப்பிடிக்கச் செய்யும் லூசிலியா என்னும் ஈ, அங்கே ஆடு வளர்ப்போரின் பெரும் பகை. அது மலத்தியான், டயசினான் என்னும் இரு மருந்துகளையும் வென்றது. அம்மருந்து வகை வழக்குக்கு வருவதற்கு முன்பே பிடித்து, ஊசியில் குத்திக் காட்சிப் பெட்டியில் வைத்திருந்த ஈக்களின் மரபணுவை எடுத்துப் படித்தனர். 2006இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, மலத்தியானைத் தாங்கும் மரபணு அந்தப் பழைய ஈக்களிலேயே இருந்தது. நஞ்சைக் காணாத ஈயிடம் நஞ்சைத் தாங்கும் கூறு! பழகுதல் என்னும் கொள்கைக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டுவதில்லை. டயசினானைத் தாங்கும் மாற்றம் மட்டும் அப்பழைய ஈக்களில் காணப்படவில்லை. ஆதலால் எல்லாக் கூறுகளும் முன்பே இருந்தன என்று முடிவு கட்டுவதும் தவறு. சில காத்திருந்தன, சில பின்னர்த் தற்செயலாகத் தோன்றின. இரண்டிலும், பரப்பியது நஞ்சு, படைத்தது நஞ்சன்று.

'நலிந்தவை' என்னும் சொல்

இதுவரை கார்சன் வென்றார். இனி அவரிடம் காணும் குறைகளைச் சொல்ல வேண்டும்.

மருந்து நலிந்த பூச்சிகளைக் கொன்றுவிடுகிறது என்ற வகையில் அவர் விளக்குகிறார். டார்வின் உயிரோடிருந்தால் தம் கொள்கைக்குப் பூச்சியுலகம் தந்த சான்றைக் கண்டு வியந்திருப்பார் என்றும் அத்தியாயத் தொடக்கத்திலேயே எழுதுகிறார். படிப்பவர் மனத்தில், வலியது பிழைத்தது, மெலியது மாண்டது என்னும் படம் உருவாகிவிடுகிறது. இப்படம் பிழையானது.

நஞ்சில் மாண்டவை மெலிந்தவை அல்ல. நஞ்சில்லாத இடத்தில் பெரும்பாலும் அவையே நன்றாக வாழ்ந்தவை. பிரான்சின் தென்பகுதியில் மோன்பெலியே நகரை ஒட்டிய கடற்கரையில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அகலத்துக்கு, 1960களின் இறுதியிலிருந்து கொசு மருந்து தெளித்து வந்தனர். தெளித்த பகுதியில் நஞ்சைத் தாங்கும் மரபணு மிகுந்திருந்தது. உள்நாட்டை நோக்கிச் செல்லச் செல்ல, மருந்து படாத இடங்களில், அது குறைந்துகொண்டே வந்தது. காரணம், அந்த மரபணு இலவசமாகக் கிடைப்பதன்று. அவற்றுள் ஒன்று நரம்புக்கு இன்றியமையாத நொதியையே மாற்றிவிடுகிறது. மாறிய நொதி நஞ்சிலிருந்து தப்பினாலும் தன் அன்றாட வேலையைக் குறைவாகவே செய்கிறது. நஞ்சு உள்ள இடத்தில் அது செல்வம். நஞ்சு இல்லாத இடத்தில் அது கடன்.

இது தெரிந்தால் செயலும் மாறும். ஊர் முழுவதும் ஒரே மருந்தை அடித்து ஓர் இடமும் விடாமல் துடைத்தெடுப்பது திறமை போலத் தோன்றும். ஆனால் மருந்து படாத சிறு பகுதி இருந்தால், நஞ்சைத் தாங்காத பூச்சிகள் அங்கே பிழைத்து, தாங்குபவற்றோடு கலந்து, தாங்கும் கூறு பெருகுவதைத் தாமதப்படுத்தும். பூச்சியை எதிர்க்கும் பருத்தி, சோளப் பயிர்களுக்குப் பக்கத்தில் சாதாரணப் பயிருக்கும் ஒரு பகுதி விட வேண்டும் என்று அமெரிக்காவில் விதி வகுத்தது இக்கணக்கை நம்பித்தான். 'நலிந்தவை' என்னும் ஒரு சொல், இந்தக் கணக்கைப் படிப்பவர் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

மாட்டின் பக்கம்

இரண்டாவது குறை இன்னும் பெரியது. தென்னாப்பிரிக்க உண்ணியின் கதையைச் சொன்ன கார்சன், உண்ணியின் பக்கம் மட்டுமே நின்று சொன்னார். உண்ணி கடித்த மாட்டின் பக்கம் அந்த அத்தியாயத்தில் இடம் பெறவில்லை. எல்ம் மரங்களைப் பற்றி எழுதிய இடத்தில், நோயைத் தாங்கும் மரவகைகளைத் தேடும் முயற்சியை அவரே பாராட்டியிருக்கிறார். அக்கருத்தைத் தொழுவத்துக்கும் கொண்டு சென்றிருக்கலாம்.

ஏனெனில், அவர் எழுதுவதற்கு முன்பே அவ்வழி திறந்திருந்தது. திமில் கொண்ட இந்திய மாட்டினங்களின் உடலில் உண்ணி மிகக் குறைவாகவே தங்கும் என்பதை ஆஸ்திரேலியர் அறிந்து, 1933இல் அவ்வினத்தின் வழிவந்த பிராமன் மாடுகளைக் குவின்ஸ்லாந்துக்குக் கொண்டு வந்தனர். அவற்றை ஐரோப்பிய மாடுகளோடு கலந்து புதிய இனங்களை உண்டாக்கினர். உண்ணி மருந்தை வென்றுகொண்டே போக, வடகுவின்ஸ்லாந்தின் மாட்டுப் பண்ணைகள் இக்கலப்பினங்களை நம்பி நின்றன. மருந்து ஒவ்வொன்றாகத் தோற்ற இடத்தில் மாட்டின் தோல் தோற்கவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கன்று பிறந்தவுடன் உண்ணியை வெல்வதில்லை. சிலகாலம் கடிபட்ட பின்பே அதன் உடல் எதிர்வினை காட்டத் தொடங்குகிறது. அந்த எதிர்வினை எவ்வளவு வலிமையாக அமையும் என்பதை அதன் இனமும் பிறப்பும் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. ஆகவே மாட்டிடம் பழக்கமும் உண்டு, பிறப்பும் உண்டு. நஞ்சைத் தாங்கும் உண்ணியிடமோ பிறப்பு மட்டுமே பேசுகிறது. கடிக்கும் உயிரும் கடிபடும் உயிரும் ஒரே தோலில் இருந்தும், இரண்டின் வழியும் வேறு.

மேற்கு ஆப்பிரிக்காவின் என்டாமா மாடுகள் மற்றொரு வகை. செட்சி ஈ பரப்பும் டிரிப்பனோசோம் நோய், பிற இனங்களைச் சோகை பிடிக்க வைத்துக் கொல்லும். என்டாமா மாட்டின் குருதியிலும் அந்த ஒட்டுண்ணி புகும். ஆனால் மாடு அதைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு, சோகைக்கு இடங்கொடாமல், மேய்ந்து கன்று ஈனும். என்டாமாவையும் கிழக்கு ஆப்பிரிக்கப் போரான் மாட்டையும் கலந்து செய்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. இத்தாங்கும் திறன் ஒரு மரபணுவில் இல்லை, பல இடங்களில் பரவிக் கிடக்கிறது என்று அது காட்டியது. நோய்க்கு எளிதில் ஆட்படும் போரானிடமிருந்தும் சில நற்கூறுகள் வந்திருந்தன. ஆதலால், ஒன்றை உயர்ந்த இனம் என்றும் மற்றதைத் தாழ்ந்த இனம் என்றும் பிரித்து ஒதுக்கிவிட முடியாது.

பன்றியைத் தாக்கும் பி.ஆர்.ஆர்.எஸ். நோயின் வைரசுக்கு, சி.டி. 163 என்னும் புரதமே உயிரணுவின் வாசல். அவ்வாசல் இல்லாதபடி மரபணு திருத்தப்பட்ட பன்றிகளுக்கு வைரசு தொற்றவில்லை என்பதை மிசௌரிப் பல்கலைக்கழகத்தார் காட்டினர். அத்தகைய பன்றிகளை உணவுக்கு வளர்க்க அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2025 ஏப்ரலில் அனுமதி தந்தது. அப்பன்றி நோயோடு போரிடவே இல்லை. நோய்க்குக் கதவு இல்லை, அவ்வளவே.

ஆயினும், மாட்டின் பக்கம் நிற்பதால் பனிச்சரிவு நின்றுவிடும் என்று எண்ணலாகாது. நோய்க்கிருமியும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கப்படுவதே. கோழிகளின் மாரெக் நோய்க்கான தடுப்பூசி, கோழியைச் சாவிலிருந்து காக்கும்; கிருமி பரவுவதை முற்றும் தடுக்காது. அதனால், ஊசி போடாத கோழியை விரைவில் கொன்று தானும் அழிந்திருக்கக்கூடிய கொடிய கிருமி வகைகள், ஊசி போட்ட கோழிகளின் வழியாக வாழ்ந்து பரவ முடிகிறது என்று 2015இல் வெளிவந்த சோதனை காட்டியது. கார்சன் பூச்சியிடம் கண்ட விதி, பூச்சியோடு நிற்பதன்று.

மூன்று பொருளுக்கு ஒரு சொல்

இங்கே தமிழின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. மேலே சொன்னவை அனைத்தையும் தமிழில் 'எதிர்ப்புச் சக்தி' என்னும் ஒரே சொல்லால் எழுதிவிடுகிறோம். கொசு மருந்தைத் தாங்கினால் எதிர்ப்புச் சக்தி. குழந்தை அம்மையை வென்றால் எதிர்ப்புச் சக்தி. மாடு கிருமியோடு வாழ்ந்தால் அதுவும் எதிர்ப்புச் சக்தி. சொல் ஒன்றானால் பொருளும் ஒன்று என்று மாணவன் கொள்வதில் வியப்பில்லை.

குழப்பம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குக் கொசுவே சான்று. கொசுவுக்கும் நோயைத் தடுக்கும் ஏற்பாடு உண்டு. பூச்சிகள் நம்மைப் போல எதிர்ப்பொருள் சுரப்பதில்லை. ஆயினும் கிருமி புகுந்தால் அதனைக் கொல்லும் சிறு புரதங்களைச் சுரக்கும். சுவீடன் அறிஞர் போமன் குழுவினர், செக்ரோப்பியா என்னும் பட்டு அந்தியிடம் இதனை 1981இல் தெளிவாக்கினர். பழ ஈயில் 'டோல்' என்னும் மரபணு கெட்டுவிட்டால் அது பூஞ்சணத்துக்கு இரையாகிறது என்று பிரான்சின் ஜூல் ஓஃப்மன் குழுவினர் 1996இல் காட்டினர். அதைப் போன்ற மரபணு எலியிலும் அதே காவல் வேலையைச் செய்வதை அமெரிக்காவின் புரூஸ் பியூட்லர் 1998இல் கண்டார். இருவரும் 2011ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றனர். மலேரியாக் கிருமியைத் தன் வயிற்றிலேயே கொன்றுவிடும் அனாபிலிஸ் கொசுக்களும் உண்டு. அவ்வேலையில் 'டெப் 1' என்னும் புரதத்துக்குப் பங்குண்டு என்பது 2004இல் தெரிந்தது.

ஆக, ஒரு கொசுவின் 'எதிர்ப்புச் சக்தி' மிகுந்தது என்றால் என்ன பொருள்? நஞ்சைத் தாங்குகிறது என்றால் மனிதனுக்குக் கேடு. மலேரியாக் கிருமியைக் கொல்கிறது என்றால் மனிதனுக்கு நன்மை. நேர் எதிரான இரண்டு செய்திகளை ஒரே சொல் சுமந்தால், அந்தச் சொல் தன் வேலையைச் செய்யவில்லை என்பது வெளிப்படை.

இதற்குப் புதுச்சொல் படைக்க வேண்டியதில்லை. கையில் இருப்பனவற்றைப் பிரித்து வழங்கினால் போதும். பூச்சி மருந்தால் சாகாமை 'நஞ்சு தாங்கும் மரபு' எனலாம். மரபு என்னும் சொல்லே, இது தனி உயிரின் பழக்கமன்று என்று சொல்லிவிடும். உடல் கிருமியை அறிந்து அழிப்பது 'நோய்த் தடுப்பாற்றல்'. கிருமி உள்ளே இருந்தும் உடல் நலிவுறாமை 'நோய் பொறுக்கும் திறன்'. பி.ஆர்.ஆர்.எஸ். பன்றியைப் போல நோய் புக இடமே இல்லாதிருந்தால், 'நோய் தொற்றா இயல்பு'. இச்சொற்களைவிட நல்லவை கிடைத்தால் ஏற்கலாம். நான்கையும் ஒன்றாகப் போட்டுக் கட்டுவது மட்டும் கூடாது.

கார்சன்மீது சாட்டிய பழி

டி.டி.டி.யைப் பழித்து எழுதியதால் மலேரியா மீண்டு வந்தது, அதனால் இறந்தவர் பழி கார்சனைச் சாரும் என்று கூறுவோர் உண்டு. இலங்கையை அவர்கள் எடுத்துக்காட்டுவர். 1963இல் இலங்கையில் மலேரியா கண்டவர் 17 பேர். 1969இல் 5 இலட்சத்துக்கும் மேல். எண்கள் மெய், காரணம் மெய்யன்று. அங்கே தெளிப்பு நின்றது, நோய் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது என்ற நம்பிக்கையால். மீண்டும் தெளித்தபோது டி.டி.டி.யைத் தாங்கும் கொசுக்கள் எதிர்ப்பட்டன. 1970களில் மலத்தியானுக்கு மாற வேண்டியதாயிற்று. பின்னர் நோயாளிகளைத் தேடிக் கண்டு மருத்துவம் செய்தும், கொசுவைப் பல வழிகளில் அடக்கியும் உழைத்த அந்நாடு, மலேரியா அற்ற நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது.

பூச்சிக்கொல்லியை ஒருபோதும் தொடலாகாது என்று கார்சன் எழுதவுமில்லை. அவ்வாறு தாம் கூறவில்லை என்பதை நூலின் தொடக்கப் பகுதியிலேயே சொல்லிவிட்டார். நோய் பரப்பும் பூச்சியை அடக்க வேறு வழியில்லாத இடத்தில் டி.டி.டி.யைப் பயன்படுத்த 2001ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்பாடும் இடம் விட்டது. 16ஆம் அத்தியாயத்தைப் படித்தவர், அவரை மலேரியாவின் தோழியாகக் காட்ட மாட்டார். நஞ்சை வீணே தெளித்தால், உயிர் காக்க அது தேவைப்படும் நாளில் உதவாது போய்விடும் என்பதே அவ்வத்தியாயத்தின் எச்சரிக்கை. அன்று 137ஆக இருந்த தொகை இன்று 600ஐத் தாண்டிவிட்டது.

முடிபு

'சைலண்ட் ஸ்பிரிங்' நூலின் 16ஆம் அத்தியாயம், நஞ்சு தாங்கும் மரபு எவ்வாறு பரவுகிறது என்பதைப் பொதுமக்களுக்குச் சரியாகச் சொன்ன அரிய எழுத்து. அதன் நடுக்கருத்தை மரபணு ஆராய்ச்சி மறுக்கவில்லை. எழுத்து எழுத்தாக மெய்ப்பித்திருக்கிறது. தாங்காதவற்றை நலிந்தவை என்றதும், மாட்டின் பக்கத்தைச் சொல்லாமல் விட்டதும் அதன் குறைகள். இவற்றுள் முன்னது சொல்லின் பிழை. பின்னது நோக்கின் குறுக்கம்.

இவ்வத்தியாயத்தை வகுப்பில் நடத்த எண்ணும் ஆசிரியர், முதலில் அம்மைப்பால் பாடத்தையும் பூச்சி மருந்துப் பாடத்தையும் அடுத்தடுத்து வைத்து, மாறியது எது, தனி உயிரா, கூட்டமா என்று மாணவரைக் கேட்பது நன்று. ஊசியில் குத்திய ஆஸ்திரேலிய ஈக்களின் கதையைப் பிறகு சொன்னால், ஆரம்பப் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகளும் விடையைத் தாமே கண்டுகொள்வர். அதன் பின் 'கொசு மருந்துக்குப் பழகிவிட்டது' என்று எந்த மாணவனும் எழுத மாட்டான். வீட்டில் அப்படிப் பேசுவோரையும் திருத்துவான்.